அரசவைச் செல்லப் பிராணிகளும் பழைய ஓவியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராஜா ராணி ஓவியம் எதையாவது காட்டினால், பார்ப்பவர் கண் முதலில் போவது ராஜாவின் காலடியில் படுத்திருக்கும் நாயிடம்தான். அப்புறம் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் வசதி, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

இந்த நாயெல்லாம் நிஜமாவே இருந்ததா, இல்ல ஓவியர் அழகுக்குச் சேர்த்ததா?

பெரும்பாலும் நிஜம்தான். இத்தாலியில் மாந்துவா நகர அரண்மனையில் மந்தேன்யா வரைந்த சுவரோவிய அறை ஒன்று இருக்கிறது. 1465ல் தொடங்கி 1474ல் முடித்த வேலை. அதில் ஆட்சியாளர் லுதோவிகோ கொன்சாகா உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் சுருண்டு படுத்திருக்கும். அதன் பெயர் ரூபினோ. அவருடைய சொந்த நாய், 1467ல் செத்துப்போனபோது முறையாகப் புதைத்து மேலே ஒரு கல்லும் வைக்கச் சொன்னவர் அவர்.

தேதிகளைப் பாருங்கள், ஓவிய வேலை முடியும்போது ரூபினோ செத்து ஏழு ஆண்டுகள். மனைவி, மகன்கள், மகள்கள், அதிகாரிகள் எல்லோரும் கூடி நிற்கும் குடும்பப் படம் அது. அந்தக் கூட்டத்தில், அதுவும் நாற்காலிக்கு அடியிலேயே, அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. வெறும் இட நிரப்பலுக்கு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

நாய்னா விசுவாசம், அதானே அர்த்தம்? எங்க பார்த்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கு.

அந்த விளக்கம் பொய் இல்லை, ஆனால் எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. திசியானோ 1529 வாக்கில் வரைந்த ஃபெதெரிகோ கொன்சாகாவின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போது மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது). நீலப் பட்டுச் சட்டை போட்ட இளவரசர், அவர் மேல் முன்காலைத் தூக்கி வைக்கும் சடைமுடி வெள்ளை நாய். அவருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், ஆள் வேறு கொஞ்சம் சபலக்காரர். அதனால் ‘நான் விசுவாசமானவன்’ என்று நாயை வைத்துச் சொல்கிறார் என்பார்கள். இருக்கலாம்.

ஆனால் இவர் யார்? மேலே சொன்ன லுதோவிகோவின் கொள்ளுப்பேரன். இவருடைய அம்மா இசபெல்லா தெஸ்தே, தன் ஆவ்ரா என்ற நாய் 1511ல் செத்தபோது அரசவைப் புலவர்கள் இரங்கல் பாட்டாகப் பாடித் தள்ளிய அளவுக்கு நாய்ப் பிரியை. ஃபெதெரிகோவும் செத்துப்போன தன் நாய்க்குப் பளிங்குக் கல்லறை ஒன்று வரைந்து தரும்படி அரசவைக் கலைஞர் ஜூலியோ ரொமானோவிடம் கேட்டவர். மூன்று நான்கு தலைமுறையாக நாய்க்குக் கண்ணீர் விட்ட குடும்பம். இவ்வளவையும் தள்ளிவிட்டு ‘விசுவாசத்தின் குறியீடு’ என்று ஒரே வரியில் முடித்தால் எப்படி? ஒரு படத்தில் பிராணியைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது அது யாருடையது என்றுதான். என்ன அர்த்தம் என்பது அதற்குப் பிறகு.

அப்போ நிஜப் பிராணியா, வெறும் அடையாளமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். முதலாவது, இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் 1585ஆம் ஆண்டுப் படம், ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருப்பது. அவர் கைச்சட்டை மேல் கழுத்தில் தங்கக் கிரீடம் மாட்டிய எர்மின் ஒன்று ஏறி நிற்கிறது. எர்மின் என்பது கீரி மாதிரி நீளமான சின்ன விலங்கு, குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கருப்பு. படத்தில் உள்ளதற்கோ உடம்பெல்லாம் கரும்புள்ளி. அப்படி ஒரு எர்மின் உலகத்தில் கிடையாது. அரச அங்கிகளில் தோலைத் தைத்து நடுநடுவே கருப்பு வால்நுனிகளை வைப்பார்களே, அந்தத் துணி வடிவத்தை அப்படியே உயிருள்ள பிராணி மேல் ஏற்றிவிட்டார் ஓவியர். தூய்மை, கன்னிமை, அரசுரிமை என்று சொல்ல வந்த அடையாளம், வேறொன்றும் இல்லை.

இரண்டாவது, லியொனார்தோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்த செசிலியா கல்லெரானியின் படம், போலந்தின் கிராகோவ் நகரில் உள்ளது. இவர் மிலன் ஆட்சியாளர் லுதோவிகோ ஸ்ஃபோர்சாவின் காதலி. லுதோவிகோவுக்கு 1488ல் நேப்பிள்ஸ் மன்னர் எர்மின் பெயரிலான வீர விருது கொடுத்திருந்தார். போதாததற்கு அந்த வகை விலங்குக்குக் கிரேக்கத்தில் ‘கலே’ என்று பெயர், கல்லெரானி என்ற குடும்பப் பெயரோடு சிலேடை. விசேஷ ஒளியில் படத்தை அடுக்கடுக்காக ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா, முதலில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்திருக்கிறார், அப்புறம் ஒரு சின்னச் சாம்பல் நிற விலங்கு சேர்ந்திருக்கிறது, கடைசியில்தான் இப்போது பார்க்கும் திடமான வெள்ளை. கையில் வைத்துக் கொஞ்சிய வளர்ப்புப் பிராணி இப்படிப் படிப்படியாக முளைக்காது. ஆனாலும் அந்தத் தசையும் நகமும் எதையோ நேரில் பார்த்து வரைந்தவை.

மூன்றாவது, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ஹோல்பைன் படம், 1526-28. எட்டாம் ஹென்றி அரசவையைச் சேர்ந்தவரின் மனைவி ஆன் லவல், கையில் சங்கிலி போட்ட அணில், தோளருகே ஒரு பறவை. அணில் அவர்கள் குடும்பச் சின்னத்தில் இருப்பது, ஸ்டார்லிங் என்ற அந்தப் பறவையின் பெயர் அவர்கள் இருந்த ஈஸ்ட் ஹார்லிங் ஊரின் பெயரோடு உரசும். சரி, அடையாளம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அணிலைச் சங்கிலி போட்டு வளர்த்தவர்கள் நிறையப் பேர். ஆக இரண்டுமே. கழுத்துப்பட்டை, சங்கிலி, மணி, அதே பிராணி இன்னொரு படத்திலும் வருவது, எங்காவது எழுதி வைத்த பெயர், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் உயிரோடு இருந்த பிராணி என்ற பக்கம் சாயலாம்.

படத்திலேயே நாய்க்குப் பெயர் எழுதி வச்சிருக்காங்களே, எதுக்கு?

பதினான்காம் லூயி 1702ல் மார்லி மாளிகைக்காகத் தன் வேட்டை நாய்களை தெபோர்ட் என்ற ஓவியரிடம் வரையச் சொன்னார். ஒரு படத்தில் மூன்று பெண் நாய்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் தங்க எழுத்தில்: போன், நோன், போன். பிரெஞ்சில் முதலாவது மூன்றாவதுக்கு வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய. அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயியும் மிஸ், துர்லூ என்ற நாய்களை 1725ல் ஊத்ரி என்பவரிடம் அதே மாதிரி பெயரோடு வரைய வைத்தார். ராஜா இவற்றின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேட்டைக்குப் போனவர், பார்க்க வருபவர்களுக்கும் எது எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சீனாவின் சியென்லுங் பேரரசருக்காக, மிலனில் பிறந்து பெய்ஜிங்கில் வாழ்ந்து மறைந்த கஸ்தில்யோனே வரைந்த பத்து நாய்ப் படங்களிலும் நாயின் பெயரோடு அதைப் பரிசாகக் கொடுத்தவர் பெயரும் உண்டு. சீன, மஞ்சு, மங்கோலிய மொழி மூன்றிலும். பத்தில் ஒன்பது ஒடிசலான வேட்டை நாய்கள், ஒன்று மட்டும் திபெத்திய மாஸ்டிஃப் என்ற பெருத்த நாய், பாவம் கூட்டத்தில் சேராமல் தனியாகத் தெரியும்.

இதெல்லாம் சமீபத்து வழக்கம் என்று நினைக்காதீர்கள். சுமார் 4,000 ஆண்டுக்கு முன் எகிப்து மன்னர் இரண்டாம் இன்டெஃப் தன் கல்லறைக் கல்லில் நாய்களோடு நிற்கிறார், நாய்களுக்குப் பெயர் வெட்டியிருக்கிறது. வெளிநாட்டு மொழிப் பெயர்கள் என்பதால் சிலவற்றுக்குப் பக்கத்திலேயே எகிப்திய அர்த்தமும் இருக்கிறது. ஒன்றின் அர்த்தம் ‘கருப்பன்’! ஆயிரம் ஆண்டு கழித்துக் கல்லறைத் திருட்டு நடந்ததா என்று சோதிக்கப் போன அதிகாரிகள், மன்னரின் கால்களுக்கு நடுவே பெஹ்கா என்ற நாய் நிற்கிறது என்று தங்கள் அறிக்கையில் பெயரோடு குறித்து வைத்தார்கள்.

நாய் எப்படி அசையாம போஸ் கொடுத்துச்சு?

கொடுக்கவில்லை. தெபோர்ட் கையில் குறிப்பேட்டோடு வேட்டைக்கே கூடப் போய் ஓடுவதையும் பாய்வதையும் கிறுக்கிக்கொண்டு வந்து, பிறகு உட்கார்ந்து பெரிய படமாக்கியவர். தனித்தனியாக வரைந்த தலை, கால், வால் எல்லாம் கடைசியில் ஒன்றுசேரும்.

அளவு காட்டுவதுதான் இன்னொரு தலைவலி. 1860ல் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையைப் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூறையாடியபோது கிடைத்த ஒரு பெக்கினீஸ் நாய் அடுத்த ஆண்டு விக்டோரியா ராணிக்குப் போனது. கைல் என்பவர் 1861ல் அதை வரைந்தார். நாய் எவ்வளவு குட்டி என்பது தெரியும்படி பக்கத்தில் ஏதாவது வைக்கச் சொல்லி அரண்மனையிலிருந்தே தகவல் போனது, அதனால்தான் படத்தில் அதன் பக்கத்தில் ஒரு பூச்சாடி. கொள்ளையில் கிடைத்தது என்று ஒளிக்காமல் அதற்கு ‘லூட்டி’ என்றே பெயர் வைத்தார்கள், இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘லூட்’ என்ற சொல். நமக்கு லூட்டி என்றால் சேட்டை. அங்கே அது சேட்டையில் வந்த பெயர் இல்லை.

பூனை ஏன் அவ்வளவா காணோம்?

வேட்டை என்பது அரசர்களின் விளையாட்டு, வேட்டைக்கு நாயும் பருந்தும் வேண்டும், பூனைக்கு அங்கே வேலை இல்லை. எலி பிடிக்கும் பூனை எல்லா வீட்டிலும்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு கௌரவம் காட்ட முடியாது. ஆனாலும் விதிவிலக்குகள் உண்டு. பதினைந்தாம் லூயி வெள்ளை அங்கோராப் பூனை வளர்த்தார். அவர் காலத்தில், 1761ல், பஷெலியே என்ற ஓவியர் வண்ணத்துப்பூச்சியைக் குறி வைக்கும் வெள்ளை அங்கோரா ஒன்றை அழகாக வரைந்திருக்கிறார். அதைவிடப் பழையது எகிப்திய இளவரசர் துத்மோஸின் பூனை தா-மியு. அதற்கென்று செதுக்கிய சுண்ணாம்புக்கல் பெட்டியில், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, படையல் மேசைக்கு முன்னால் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெயருக்கு அர்த்தம் ‘பெண்பூனை’தான், அதிகம் யோசிக்கவில்லை.

முகலாயர் ஓவியத்துல வர்றதெல்லாம் செல்லப் பிராணியா, மிருகக்காட்சி சாலையா?

இரண்டும் கலந்தது, ஜஹாங்கீர் விஷயத்தில் கோடு போட்டுப் பிரிப்பதே கஷ்டம். 1612ல் கோவாவிலிருந்து வான்கோழி வந்தபோது, விசித்திரமாக இருக்கிறது, எழுதினால் மட்டும் போதாது, படமாகவும் வேண்டும் என்று ஓவியர்களை வரையச் சொன்னார். பாட்டனாரின் அப்பா பாபர் விலங்குகளை எழுத்தில் வர்ணித்ததோடு விட்டுவிட்டார் என்று ஒரு குத்தலும் அவர் குறிப்பில் உண்டு. 1621ல் ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ சாயம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பியிருக்கிறார். மன்சூர் வரைந்த அந்தப் படத்தில் ஜஹாங்கீர் கையெழுத்திலேயே குறிப்பு இருக்கிறது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வரிக்குதிரையைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு அனுப்பிவிட்டார், அதனால் அதைச் செல்லப் பிராணி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்த சாரஸ் கொக்கு ஜோடி வேறு கதை. எந்தப் பறவை எப்போது அடைகாக்கிறது, விடியும்போது ஆண் வந்து பெண்ணின் முதுகை அலகால் சொறிந்து எழுப்பி எப்படி முறை மாற்றிக்கொள்கிறது என்பதையெல்லாம் பேரரசர் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். மன்ஸ்ராஜ் என்ற பழகிய மான் செத்தபோது லாகூருக்குப் பக்கத்தில் ஷேக்குபுராவில் அதன் நினைவாக உயர்ந்த கோபுரம் கட்டினார், ஹிரன் மினார் என்று இன்றும் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் மான் வேட்டையே கூடாது என்று கல்வெட்டும் வைத்தார். வேட்டையில் இத்தனை ஆயிரம் உயிர் கொன்றேன் என்று கணக்கு வைத்துக்கொண்டவரும் இதே மனிதர்தான்.

சிவிங்கியை எல்லாம் வீட்டு நாய் மாதிரி வளர்த்தாங்களாமே?

சிவிங்கிப்புலிகளைக் காட்டில் பிடித்து வந்து வேட்டைக்குப் பழக்கினார்கள். அக்பர் இதில் பெரிய ஆள், தன் தந்தை ஆயுளில் 9,000 சிவிங்கி சேர்த்தார் என்று ஜஹாங்கீர் எழுதுகிறார். அவற்றுக்குக் கண்கட்டு, மேலே விரிப்பு, வண்டியில் சவாரி. 1572 வேட்டையில் சித்ர நஜன் என்ற சிவிங்கி அகலமான பள்ளத்தைத் தாண்டிப் பாய்ந்து மானைப் பிடித்ததும் அக்பர் அசந்துபோய், அதற்குச் சிவிங்கிகளின் தலைமைப் பதவியும் முன்னால் முரசு அடித்துப் போகும் மரியாதையும் கொடுத்தார். அக்பர் வரலாற்றுக்காக வரைந்த ஓவியத்திலும் அது ஏறிவிட்டது. மடியில் வைத்துக் கொஞ்சினாரா என்றால், அதற்கு இந்த விலங்கு சரிப்படாது.

ராஜாவே வரைஞ்சது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. சீனாவின் மிங் பேரரசர் சுவான்தெ 1427ல் வரைந்த கிப்பன் குரங்குக் குடும்பம் தைபேயில் இருக்கிறது, அதே ஆண்டு வரைந்த ஒல்லி வேட்டை நாய் ஜோடி அமெரிக்காவில் ஹார்வர்டில். பதவிக்காகப் பாராட்ட வேண்டியதில்லை, நிஜமாகவே நன்றாக வரைந்திருக்கிறார்.

நம்ம பக்கத்து ராஜாக்கள் கதை எதுவும் கிடையாதா?

திரைச்சீலை ஓவியம் இல்லை, கல் இருக்கிறது. 949 வாக்கில் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் இறந்தது பலருக்குத் தெரியும். அவரைக் கொன்றவர் கங்க மன்னர் பூதுகன். அந்தப் போரில் வீரமாகச் சண்டை போட்ட மணலேரன் என்ற தன் படைத்தலைவரிடம் பூதுகன் ‘என்ன வேண்டும், கேள்’ என்கிறார். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது மன்னரின் நாய் காளியை! கொடுத்தார்கள். பிறகு அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. கர்நாடகத்தின் ஆதக்கூரில் அதற்குக் கல் நட்டு, நாயும் பன்றியும் மோதுவதைச் செதுக்கி, தக்கோலப் போர்ச் செய்தியையும் அதே கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தப் போரைப் பற்றிய முக்கியமான சான்றுகளில் ஒன்று ஒரு நாயின் நினைவுக்கல். இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கும் முந்தியது திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவர் காலம், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் அதில் இடம் உண்டு. அது அரண்மனை நாய் இல்லை என்பதால் இங்கே இத்தோடு விடுகிறேன்.

இவ்வளவு செல்லமா இருந்ததுகளை நல்லா பார்த்துக்கிட்டாங்களா?

ஊட்டம் நன்றாகத்தான் இருந்தது. தாமஸ் ரோ தூதராக வந்த காலத்தில் ஜஹாங்கீருக்கு இங்கிலாந்திலிருந்து மாஸ்டிஃப் நாய்கள் வந்தன. அவற்றைப் பல்லக்கில் தூக்க ஆள், ஈ ஓட்ட ஆள், பேரரசர் கையால் இரை ஊட்ட வெள்ளி இடுக்கி என்று ரோவின் பாதிரியார் டெர்ரி எழுதுகிறார். சீனாவின் யோங்செங் பேரரசர் நாய்களுக்குப் புலி வேஷ உடை தைக்க அரண்மனைப் பட்டறைக்கு உத்தரவு போட்டிருக்கிறார். நாய்க்கு அது பிடித்ததா என்று யாரும் எழுதவில்லை.

அன்பு இருந்தால் அறிவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. போர்ச்சுகல் மன்னர் 1514ல் போப் பத்தாம் லியோவுக்கு அனுப்பிய ஹன்னோ என்ற யானை ரோமையே மயக்கியது. இரண்டே ஆண்டில் அதற்கு நோய் வந்தது, தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள், செத்துப்போனது. போப் துடித்துப்போய் ராஃபேலிடம் அதை ஆளுயரத்தில், அதாவது யானை உயரத்தில், சுவரில் வரையச் சொன்னார். அந்தச் சுவரோவியமும் இன்று இல்லை.

குரங்கு, நாய் பக்கத்துல குள்ளமான மனுஷங்களையும் நிறுத்தி வரைஞ்சிருக்காங்களே, அது என்ன கணக்கு?

நல்ல கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. வான் டைக் 1633ல் வரைந்த படத்தில் இங்கிலாந்து ராணி ஹென்ரியெட்டா மரியா கை வைத்திருப்பது பக் என்ற குரங்கின் மேல், அந்தக் குரங்கு இருப்பது ஜெஃப்ரி ஹட்சன் என்ற குள்ளமான பையன் கையில். சிறு வயதிலேயே அந்தப் பையனை ஒரு பெரிய பணியாரத்துக்குள் ஒளித்து வைத்து ராணிக்கு வேடிக்கைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதாவது அரண்மனைக் கணக்கில் இரண்டுமே ‘அபூர்வப் பொருள்’. அன்டோனிஸ் மோர் வரைந்த கார்டினல் கிரான்வெல்லின் ஊழியர் படத்தில் அவர் ஏறக்குறைய தன் உயரமே உள்ள நாயின் பக்கத்தில் நிற்கிறார், லூட்டிக்குப் பக்கத்தில் பூச்சாடி வைத்த அதே உத்தி, இந்த முறை அளவுகோல் நாய்.

வெலாஸ்கெஸ் 1656ல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ படத்தில் இதே அமைப்பு கொஞ்சம் புரண்டுவிடும். முன்னால் பெரிய மாஸ்டிஃப் தூங்கி வழிகிறது, அரண்மனையில் இருந்த குள்ளமானவர் நிக்கோலாஸ் பெர்த்துசாத்தோ அதன் முதுகில் காலை வைத்து எழுப்பப் பார்க்கிறார், பக்கத்தில் அவரைப் போலவே குள்ளமான மரிபார்போலா என்ற பெண் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். யாரும் யாருக்கும் அளவுகோல் இல்லை. இதே ஓவியர் செபாஸ்தியான் தெ மொர்ரா என்ற இன்னொரு குள்ளமானவரைத் தனியாக உட்கார வைத்து வரைந்ததையும் பாருங்கள், அந்தப் பார்வையைச் சந்திப்பது சுலபமில்லை.

செத்த பிறகு என்ன செய்தாங்க?

ரூபினோ, ஆவ்ரா, மன்ஸ்ராஜ் மேலேயே வந்துவிட்டார்கள். விக்டோரியாவின் டாஷ் என்ற ஸ்பானியல் இன நாயை 1836ல் லேண்ட்சீர் வரைந்தார், அம்மா மகளுக்குத் தந்த பிறந்தநாள் பரிசு. 1838ல் முடிசூட்டு விழா முடிந்து திரும்பிய ராணி அன்றைக்கே அதைக் குளிப்பாட்டினார் என்பார்கள். 1840ல் செத்தது, விண்ட்சரில் கல்லறை உண்டு.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் இன்னும் ஒரு படி மேல். சான்சூசி மாளிகை மொட்டைமாடித் தோட்டத்தில் தன் இத்தாலியக் கிரேஹவுண்ட் நாய்களைப் புதைத்து, தன்னையும் அங்கேயே புதைக்கச் சொன்னார். 1786ல் அவர் போனதும் வாரிசு அதைக் கேட்கவில்லை, உடல் தேவாலயத்துக்குப் போனது, போர், பிரிவினை என்று பல இடம் அலைந்தது. கடைசியில் 1991 ஆகஸ்ட் 17 அன்றுதான் நாய்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

இந்தப் படங்களை நம்பி, அந்தக் காலத்து விலங்கு இப்படித்தான் இருந்ததுன்னு சொல்லலாமா?

எலிசபெத்தின் புள்ளி எர்மினைப் பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் நம்ப வேண்டிய இடங்களும் உண்டு. மன்சூர் வரைந்தது என்று கருதப்படும் டோடோப் பறவை (1625 வாக்கில், இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜில்) அந்தப் பறவை அழிந்துபோவதற்கு முன் வண்ணத்தில் வரைந்த மிகச் சிலவற்றில் ஒன்று, பறவையியலாளர்கள் இன்னும் அதை எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு நாய் இனமே படத்தைப் பார்த்து மீண்டிருக்கிறது. வான் டைக் 1637ல் வரைந்த முதலாம் சார்லஸின் ஐந்து குழந்தைகள் படத்தில், நடுவே ஏழு வயது இளவரசன் பெரிய மாஸ்டிஃபின் தலை மேல் கை வைத்திருப்பான், வலது ஓரத்தில் ஒரு குட்டி ஸ்பானியல். அந்த இளவரசன்தான் பிறகு இரண்டாம் சார்லஸ், ஸ்பானியல் இனத்துக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் வளர்ப்பவர்கள் அதன் மூக்கைச் சப்பையாக்கி, தலையை உருண்டையாக்கி வேறு நாயாகவே மாற்றிவிட்டார்கள். 1926ல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டாம் சார்லஸ் காலத்துப் படங்களில் உள்ளது போல நீள மூக்கோடு ஸ்பானியல் கொண்டு வருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். முதலில் ஆட்கள் சிரித்திருப்பார்கள், ஆனால் சிலர் குட்டிகளில் நீள மூக்கு உள்ளவற்றைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1945ல் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் தனி இனமாகப் பதிவானது.